லாரியில் ஓர் இடம்

டெங்கேரு முகாம், கிழக்கு ஆப்பிரிக்கா
1943 பிப்ரவரி 9

ஸெனோன்,

உன் முகவரி நம் வாரப் பத்திரிகையில் கிடைத்தது. தேடுவோர் பட்டியலில் போட்டிருந்தாய்: ‘கொலோமியா ஊரைச் சேர்ந்த ஸ்டெஃபாவையும் எங்கள் தாயாரையும் தேடுகிறேன். லெப்டினன்ட் ஸெனோன், குண்டு விமான நேவிகேட்டர், போலந்து விமானப்படை, இங்கிலாந்து.’ அந்தத் தாளை மூன்று வாரம் மடித்துப் பைக்குள்ளேயே வைத்திருந்தேன். எழுத வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

அம்மாவை இனித் தேடாதே. 1941 ஜனவரியில், காஸக்ஸ்தானில், சாணி வரட்டி அடுக்கிய ஒரு கொட்டகையில் இறந்துபோனாள். நெஞ்சில் சளி. மண் கல்லாக இறுகிக் கிடந்ததால் மார்ச் வரை குழி வெட்ட முடியவில்லை. அதுவரை எங்கே வைத்திருந்தோம் என்று கேட்காதே.

உன் அத்தானை 1939 டிசம்பர் பத்தாம் தேதி ரஷ்யர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். ரிசர்வ் அதிகாரிகள் எல்லோரும், மாட்டு டாக்டர்கள் உட்பட, வந்து பெயர் பதியச் சொன்னார்கள். கையுறைகூடப் போடாமல் போனார். ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவேன் என்றார். அதற்குப் பிறகு ஒரு வரி இல்லை. அவர் மனைவி என்பதற்காக ஏப்ரலில் என்னையும் அம்மாவையும் ரயிலில் ஏற்றினார்கள். பிறகு விடுதலை என்றார்கள். பாரசீகம் வழியாக இங்கே வந்து சேர்ந்தேன். முகாமின் தபால் குடிசையில் கடிதங்களை ஆள்வாரியாகப் பிரிக்கிறேன். கொலோமியாவில் பார்த்த அதே வேலை, கூரைதான் வாழையிலை.

ஒன்றே ஒன்று கேட்கத்தான் எழுதுகிறேன். ரஷ்யப் படை உள்ளே நுழைந்த அன்று, 1939 செப்டம்பர் பதினேழாம் தேதி, உன் படைப்பிரிவின் லாரி ருமேனியாவுக்குப் போகிற வழியில் நம் வீட்டு முன்னால் பத்து நிமிடம் நின்றது. அவருக்குப் பை கட்டித் தயாராக வைத்திருந்தேன். நீ என் கண்ணைப் பார்க்காமல், "இடமில்லக்கா" என்றாய்.

நிஜமாகவே இடம் இல்லையா?

ஸ்டெஃபா

*

விமானத் தளம், இங்கிலாந்து
1943 ஏப்ரல் 20

அன்புள்ள அக்கா,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்காமலே சாப்பாட்டுக் கூடத்தை விட்டு வெளியே போய்விட்டேன். ஓடுபாதை ஓரத்தில் நின்று படித்தேன். ஸெனெக் என்று கூப்பிடுகிறவள் ஸெனோன் என்று எழுதியிருக்கிறாய். மூன்று வருடமாக அம்மாவின் ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் அவளுக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். எந்த ஊருக்கு அனுப்புவதென்று தெரியாமல் கிடக்கின்றன.

என்னைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் விமானத்தில் ஐந்து பேர். நம் படையில் நேவிகேட்டர்தான் விமானத்துக்குத் தலைவன். ஓட்டுபவன் என் சொல்லைக் கேட்கிறவன். ஆங்கிலேயருக்கு இது வேடிக்கையாக இருக்கிறது. ஓட்டுபவன் சார்ஜன்ட் கிளெமென்ஸ், சிலேசியா நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவன், என்னைவிட ஆறு வயது மூத்தவன். முதல் நாளே சொல்லிவிட்டான்: "லெப்டினன்ட் ஐயா, போற வழிய எவன் வேணா சொல்லுவான். ஊரே எரிஞ்சிட்டுக் கெடக்கும், தெரியாதா? திரும்பி வர்ற வழியச் சொல்லுங்க, அப்ப ஒத்துக்கிறேன் நீங்க நேவிகேட்டர்னு."

எனக்கு ஒரு சின்ன மேசை, ஒரு விளக்கு, வெளிச்சம் வெளியே தெரியாமல் ஒரு திரை. ஆறு மணி நேரம் பென்சிலும் அளவுகோலுமாக உட்கார்ந்திருப்பேன். காற்று எங்களை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று கணக்குப் போடுவதுதான் வேலை. குளிரில் பென்சிலைப் பிடிக்கும் விரல் மரத்துவிடும். கீழே நடப்பது எதையும் பார்ப்பதில்லை. மற்ற நான்கு பேரும் பார்க்கிறார்கள். திரைக்குப் பின்னால் இருப்பது நிம்மதியா கோழைத்தனமா என்று சில நாள் யோசிப்பேன்.

நீ கேட்டதற்குப் பதில்: அன்று சொன்னதுதான். லாரியில் இடமில்லை.

ஸெனெக்

*

டெங்கேரு
1943 ஜூலை 4

ஸெனோன்,

பக்கத்துக் குடிசையில் ரொஸாலியா என்றொருத்தி இருக்கிறாள். அவள் புருஷன் லுட்விக் உன் படைப்பிரிவில் மெக்கானிக். அவனும் இப்போது இங்கிலாந்தில்தான், வேறு தளத்தில். அவன் எழுதிய கடிதத்தை நேற்று எனக்குப் படித்துக் காட்டினாள். எல்லை தாண்டிய கதையை அவளுக்கு விவரமாக எழுதியிருக்கிறான். லாரியின் பின்பக்கத்தில் நான்கு பேர், இரண்டு பெட்டி வரைபடம், ஒரு சைக்கிள். போகிற வழியில் எல்லைக்குப் பக்கத்தில் கூட்டி என்ற கிராமத்தில் யாரோ ஒரு பள்ளி வாத்தியாரையும் அவர் மனைவியையும் ஏற்றிக்கொண்டார்களாம். காலை நீட்டிப் படுத்துக்கொண்டே போனார்களாம்.

ரொஸாலியாவுக்கு எதுவும் தெரியாது. "உன் தம்பியும் அதே வண்டியிலதானே வந்தான்? எவ்ளோ சின்ன உலகம் பாரு" என்று என் கையைப் பிடித்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

சைக்கிளுக்கு இடம் இருந்தது. வாத்தியாருக்கு இடம் இருந்தது. என் புருஷனுக்கு இல்லை.

இந்த வசந்தத்தில் ரஷ்யாவில் ஸ்மோலென்ஸ்க் பக்கத்துக் காட்டில், சுட்டுப் புதைத்த நம் அதிகாரிகளின் பிணங்களைத் தோண்டி எடுத்தார்கள் என்று நீயும் கேள்விப்பட்டிருப்பாய். பெயர்ப் பட்டியல் தபாலில்தான் வருகிறது. நான்தான் உறை பிரிக்கிறேன். ஒவ்வொரு பட்டியலையும் மேலிருந்து கீழாக விரல் வைத்துப் படிக்கிறேன். அவர் பெயர் இல்லை. இல்லை என்றதும் சந்தோஷப்படுவதா என்று தெரியவில்லை. அதே பட்டியலில் புருஷன் பெயர் இருந்த மூன்று பெண்களுக்கு நானே போய்ச் சொன்னேன்.

முதல் தடவை பொய் சொன்னபோது அவசரம் என்று வைத்துக்கொள்ளலாம். ஏப்ரலில் மேசை போட்டு உட்கார்ந்து, யோசித்து, பேனாவால் இரண்டாம் தடவை எழுதியிருக்கிறாய்.

இனி எழுதாதே.

ஸ்டெஃபா

*

விமானத் தளம்
1943 செப்டம்பர் 12

அக்கா,

எழுதாதே என்றாய். இந்த ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன்.

ஆமாம். இடம் இருந்தது. ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியாது. திட்டு. நீ திட்டுவதில் தப்பே இல்லை.

போன மாதம் ஒன்று நடந்தது. வேறு யாரிடமும் சொல்ல முடியாது, அதனால் உனக்கு எழுதுகிறேன். வட கடலுக்கு மேல் கருவிகள் செத்துவிட்டன. மேகத்தில் நட்சத்திரமும் இல்லை. காற்றைத் தப்பாகக் கணித்திருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது. நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று எனக்குத் தெரியவில்லை. கீழே கடல் என்பது மட்டும் தெரியும். கிளெமென்ஸ் கேட்டான்: "ஐயா, சரியாத்தான போறோம்?" நான், "சரியாத்தான் போறோம். நாப்பது நிமிஷத்துல கரை" என்றேன். ஐம்பத்தைந்தாவது நிமிடத்தில் கரை வந்தது. இறங்கியபோது டேங்கில் பெட்ரோல் கிட்டத்தட்ட இல்லை.

பிறகு இருவரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது கிளெமென்ஸ் சொன்னான்: "உங்களுக்குத் தெரியலன்னு எனக்குத் தெரியும் ஐயா. பொய் சொல்றப்ப உங்க குரல் ரொம்ப அமைதியாயிடுது. ஆனா நல்லதாப் போச்சு. நெசத்தச் சொல்லியிருந்தா என் கை நடுங்கியிருக்கும்."

அதே மாதம் ஒரு நாள் திரையை விலக்கிக் கீழே பார்த்தேன். ஒரே ஒரு முறைதான். தெருக்கள் கோடு கோடாகத் தெரிந்தன, என் வரைபடத்தில் இருப்பது போலவே. பென்சிலுக்குப் பதில் நெருப்பால் போட்ட கோடுகள். வார்சாவுக்கு ஜெர்மானியர்கள் செய்ததை நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு எவ்வளவு நேரம் உதவுமென்று எதிர்பார்த்தேனோ, அவ்வளவு நேரம் உதவவில்லை.

தையல் ஊசியும் நூலும் அனுப்பியிருக்கிறேன். முகாமில் கிடைப்பதில்லை என்று லுட்விக் சொன்னான்.

ஸெனெக்

*

டெங்கேரு
1944 மார்ச் 2

ஸெனோன்,

ஊசி வந்தது. தையல் வகுப்புக்குக் கொடுத்துவிட்டேன். கிறிஸ்துமஸுக்கு நீ எழுதியதும் வந்தது. கணக்குப்படி முடிக்க வேண்டிய உன் முப்பது பறப்பும் முடிந்து ஓய்வு கொடுத்தார்கள், ஆனால் கிளெமென்ஸ் மறுபடி போகிறான் என்பதால் நீயும் போகிறாய் என்று எழுதியிருந்தாய். பெரிய விமானம், ஏழு பேர். உன்னை நம்பி ஒருத்தன் இருக்கிறான் என்று அவனுக்காகத் திரும்பிப் போகிறாய். அதைப் படித்ததும் எனக்கு என்ன தோன்றியிருக்கும் என்று உனக்கே தெரியும். எழுதவில்லை.

உயிரோடு இருக்கிறாய் என்று இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஒரு வரி போடு. அது போதும்.

ஸ்டெஃபா

*

விமானத் தளம்
1944 மே 28

(உறையின் மேல்: நான் திரும்பி வராவிட்டால் மட்டும் அனுப்பவும்.)

அக்கா,

புறப்படும் முன் எல்லோரும் இப்படி ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். நான் இதுவரை எழுதியதில்லை. இது உன் கைக்கு வந்திருந்தால், அத்தானுக்கு நான் செய்து கொடுத்த சத்தியம் முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

அன்று லாரி நின்றதும் நீ உள்ளே போய் ரொட்டியையும் பன்றி இறைச்சியையும் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாய். அத்தான் என்னைத் தோளில் தட்டி, "வாடா, குட்டி போட்ட குதிரயப் பாத்துட்டு வரலாம்" என்று லாயத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். குதிரையைப் பார்க்கவே இல்லை. கதவைச் சாத்தினார்.

"ஸெனெக், எனக்கு ஒரு உதவி பண்ணணும். வண்டியில இடமில்லன்னு அவகிட்ட சொல்லிடு."

"இடம் இருக்கு அத்தான். கிளம்புங்க, நேரமில்ல."

"இருக்குன்னு தெரியும். நான் வரல. உங்கம்மாவால நாலு அடி நடக்க முடியாது. அவங்கள விட்டுட்டு ஸ்டெஃபா வரமாட்டா. ரெண்டு பொம்பளைங்கள இங்க தனியா விட்டுட்டு நான் ருமேனியாவுல போய் என்னடா பண்றது, ஆட்டுக்கு ஊசி போடறதா?"

"ரஷ்யாக்காரன் வந்தா மொதல்ல உங்களத்தான் புடிப்பான்."

"மாட்டு டாக்டரப் புடிச்சு என்ன பண்ணுவான்? அவன்கிட்டயும் குதிர இருக்கும்ல."

"அப்ப நீங்களே அவகிட்ட சொல்லுங்களேன், போகலன்னு."

"உன் அக்காவப் பத்தி உனக்குத் தெரியாதா? நான் போகலன்னு சொன்னா விடமாட்டா. அழுவா, கத்துவா, பையத் தூக்கி வண்டியில எறிவா, கடைசியில நானும் ஏறிடுவேன். அவ சொல்லி நான் எதத் தட்டியிருக்கேன்? நீ இடமில்லன்னு சொன்னா அதோட முடிஞ்சுது. உம்மேல கோவப்படுவா. பட்டா என்ன, தம்பிதானே. அவளுக்காக இருந்துதான் நான் மாட்டிக்கிட்டேன்னு அவளுக்கு என்னிக்கும் தெரியக் கூடாது. உன் உயிர் இருக்கிற வரைக்கும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

சத்தியம் செய்தேன்.

இதோடு நிறுத்தினால் நான் நல்லவனாகிவிடுவேன். அதனால் மீதியையும் எழுதுகிறேன். எனக்கு அவசரம். எல்லையை மூடிவிடுவார்கள் என்று பயம். லாரி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. இன்னும் ஐந்து நிமிடம் அவரோடு சண்டை போட்டிருக்கலாம். கையைப் பிடித்து இழுத்திருக்கலாம். உன்னைக் கூப்பிட்டிருக்கலாம். அவர் கேட்டது எனக்கும் சௌகரியமாக இருந்தது. அதனால்தான் நீ திட்டியபோதெல்லாம் வாங்கிக்கொண்டேன். பாதி அவருக்காக. பாதி எனக்கே சேர வேண்டியது.

கடைசியாகக் கதவைத் திறக்கும்போது, "அவ கத்தறப்ப அவ முகத்தப் பாக்காத. பாத்தா சொல்லிடுவ" என்றார். அதனால்தான் உன் கண்ணைப் பார்க்கவில்லை.

உன் தம்பி
ஸெனெக்

*

போர்க் கைதிகள் முகாம், ஜெர்மனி
அஞ்சலட்டை, 1944 ஜூலை 10

அன்புள்ள அக்கா. உயிரோடு இருக்கிறேன். ஜூன் மாதம் விழுந்தோம். கால் முறிவு, ஆறி வருகிறது. ஏழு பேரில் நான்கு பேர் இருக்கிறோம். கிளெமென்ஸ் இல்லை. தளத்திலிருந்து என் பெயரில் ஒரு கடிதம் வந்தால் தயவுசெய்து பிரிக்காதே. அப்படியே எரித்துவிடு. ஸெனெக்.

*

விமானத் தளம், இங்கிலாந்து
1945 மே 26

அன்புள்ள அக்கா,

நான்கு நாள் முன்பு திரும்பி வந்தேன். ஜனவரியில் ரஷ்யப் படை நெருங்கியதும் எங்களைப் பனியில் மேற்கே நடத்திக்கொண்டு போனார்கள். வழியில் நான் வழி சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆயிரக்கணக்கான பேர் ஒரே சாலையில். அம்மாவை அப்போது அதிகம் நினைத்தேன்.

கிளெமென்ஸைப் பற்றி உன்னிடம் சொல்ல வேண்டும். இடது இறக்கை எரியத் தொடங்கியதும் எல்லோரையும் குதிக்கச் சொன்னேன். தலைவன் கடைசியில் குதிக்க வேண்டும். ஆனால் ஒருத்தன் ஓட்டுபிடியை விடாமல் இருந்தால்தான் விமானம் புரளாமல் இருக்கும். "நீங்க போங்க ஐயா. வீட்டுக்கு வழி நானே கண்டுபிடிச்சுக்கிறேன்" என்றான். அவனோடு சண்டை போட்டேன். அவன் இருக்கையைப் பிடித்துக்கொண்டு நகரமாட்டேன் என்று நின்றேன். காலால் எட்டி உதைத்துத் தள்ளினான். லாயத்தில் போடாத சண்டையை அங்கே போட்டேன். இரண்டிலும் பலன் ஒன்றுதான்: நான் தப்பினேன்.

தளத்துக்கு வந்ததும் அலுவலக அறைக்குப் போய் என் உறையைக் கேட்டேன். அங்கிருந்த பெண், "அத போன ஜூன்லயே அனுப்பிட்டோமே" என்றாள்.

நீ படித்திருப்பாய். சத்தியத்தை மீறிவிட்டு உயிரோடு உட்கார்ந்திருக்கிறேன். பதினோரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரிகூட எனக்கு வரவில்லை. முகாமில் தபால் தொலைந்ததா, நீ எழுதவே இல்லையா என்று தெரியாது. எதுவானாலும் சொல்.

ஸெனெக்

*

டெங்கேரு
1945 ஜூலை 15

அன்புள்ள ஸெனெக்,

எழுதினேன். ஐந்து கடிதம். மூன்று என் குடிசைக்கே திரும்பி வந்தன, முத்திரை மேல் முத்திரையாக. நானே பிரித்து, நானே வாங்கிக்கொண்டேன். மற்ற இரண்டும் எங்கே போயினவோ.

உன் உறை போன ஆகஸ்டில் வந்தது. கூடவே, காணவில்லை என்று விமானப்படை அறிவிப்பு. அந்த மாதிரி உறையின் கனம் எனக்குத் தெரியும். நான் எத்தனை பேருக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். அதில் என் பெயரைப் பார்த்ததும், பழக்கதோஷத்தில் எழுந்து நின்றேன், யாருக்கோ கொடுக்கப் போவது போல. ரொஸாலியாதான் என்னை உட்கார வைத்தாள். உன் அஞ்சலட்டை நவம்பரில்தான் வந்தது. நடுவில் மூன்று மாதம் நீ இறந்தவன். எரித்துவிடு என்று நீ எழுதியதைப் படித்தபோது உன் கடிதம் எனக்கு மனப்பாடம்.

உன் மேல் கோபம் இல்லை என்று சொல்ல மாட்டேன். உங்கள் இருவர் மேலும் இருக்கிறது. லாயத்தில் நின்றுகொண்டு இரண்டு ஆண்பிள்ளைகள் என் வாழ்க்கையை முடிவு செய்தீர்கள், நான் உள்ளே ரொட்டி சுற்றிக்கொண்டிருந்தபோது. என்னைக் கூப்பிட்டிருக்கலாம் என்று எழுதியிருக்கிறாய். கூப்பிட்டிருக்க வேண்டும். ஆனால் காஸக்ஸ்தானில் உறைந்த மண்ணில் கடப்பாரை போட்டபோது நான் ஒவ்வொரு போடுக்கும் உன் பெயரைச் சொல்லித்தான் போட்டேன். அந்தக் கோபம் இல்லாதிருந்தால் அம்மா பக்கத்தில் நானும் கிடந்திருப்பேன். உன் அத்தான் போட்ட கணக்கில் இது இருந்ததா என்று தெரியவில்லை.

கிளெமென்ஸுக்காக இங்கே பூசை வைத்தோம். பாதிரியார் ஊர் கேட்டார். சிலேசியா என்பதைத் தவிர எனக்குத் தெரியவில்லை. அவன் வீட்டுக்கு நீதான் எழுத வேண்டும், தள்ளிப் போடாதே. அவன் உதைத்ததையும் எழுது. இப்படிப்பட்டதைத் தெரிந்துகொள்ள எங்களுக்கு உரிமை இருக்கிறது.

கொலோமியா இனி போலந்து இல்லையாம். முகாமில் ஒரு வரைபடத்தை ஒட்டியிருக்கிறார்கள். எல்லோரும் தங்கள் ஊர்மேல் விரலை வைத்துப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். விண்ணப்பம் கொடுத்தால், இங்கிலாந்தில் சொந்தக்காரர் இருப்பவர்களை அங்கே அனுப்பலாம் என்கிறார்கள். நேற்று என் பெயரைக் கொடுத்தேன். உறவு என்ற இடத்தில் தம்பி என்று எழுதினேன்.

இன்னொன்று. செப்டம்பர் பதினேழிலிருந்து டிசம்பர் பத்து வரை எண்பத்து நான்கு நாள். எனக்காகவே அவர் போகாமல் இருந்த நாட்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது. எல்லாவற்றையும் அவரைக் குத்திக் காட்டியே கழித்தேன். "உங்களுக்கு வாயே இல்ல. கொஞ்சம் கெஞ்சியிருந்தா ஏத்தியிருப்பான்." காலையில் சொல்வேன், சாப்பிடும்போது சொல்வேன். அவர் ஒரு நாளும் உன்னை விட்டுக் கொடுக்கவில்லை, தானே போக மறுத்ததையும் சொல்லவில்லை. நவம்பரில் ஒரு நாள் முட்டைக்கோஸ் நறுக்கி உப்பில் போட்டுக்கொண்டிருந்தோம். அம்மா உட்கார்ந்தபடியே உப்பு தூவினாள். நான் காலையிலிருந்து அவரோடு பேசவில்லை. பீப்பாயில் கட்டையால் இடித்துக்கொண்டிருந்தவர் நிறுத்தி, கையைத் துடைத்துவிட்டு, என்னைப் பார்த்துச் சொன்னார்: "சரி ஸ்டெஃபா, இப்ப இங்கதான இருக்கேன்."

நான் கோஸை நறுக்கிக்கொண்டே இருந்தேன்.

நீ உடனே பதில் எழுது.

அக்கா
ஸ்டெஃபா